பாலியில் படம் எடுக்க, முதலில் குந்தி உட்காருங்கள்

கேள்வி: ஆகஸ்டில் ஐந்து நாள் பாலித் தீவுக்குப் போகிறோம். அங்குள்ளவர்களின் அன்றாட வழிபாட்டையும் வயல்வெளியையும் எடுக்க ஆசை. கையில் இருப்பது ஒரு மிரர்லெஸ் கேமரா, 18-55 லென்ஸ். போதுமா?

பதில்: தாராளமாகப் போதும். பார்க்க நினைக்கும் கோயில்களின் பட்டியலைத்தான் குறைக்க வேண்டும். லெம்புயாங் கோயில் வாசலில் எரிமலையோடு தண்ணீரில் பிம்பம் தெரிகிற படம் பார்த்திருப்பீர்கள். அங்கே குளமே கிடையாது. போன் லென்ஸுக்கு அடியில் கண்ணாடித் துண்டைப் பிடித்து எடுப்பது. அதற்கு வரிசையில் நிற்கிற நேரத்தில் உபுத் ஊர்ப் பக்கம் ஒரு தெருவை முழுசாகப் பார்த்துவிடலாம்.

காலையில் சோறு ஆனதும் வாழையிலைத் துண்டுகளில் துளித்துளி சோறு எடுத்து அடுப்படி, கிணற்றடி, வாசல் என்று வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். இன்னொரு படையல் சானாங் சாரி: உள்ளங்கை அகலக் குருத்தோலைத் தட்டு. கிழக்கே வெள்ளைப் பூ, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம் அல்லது பச்சை, மேலே ஊதுபத்தி. கடை வாசலில், நடைபாதையில், சில சமயம் ஸ்கூட்டர் மீதுகூட இருக்கும்.

பெரும்பாலும் தரையில் நடக்கிற காரியம் இது. நின்றபடி எடுத்தால் உச்சந்தலையும் முதுகும்தான் கிடைக்கும். ஸ்கிரீனை மேலே திருப்பி, கேமராவை முழங்காலுக்குக் கீழே இறக்குங்கள். புகை பதிய வேண்டுமானால் வெயில் எதிரிலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வரவேண்டும். பின்னால் பாசி பிடித்த கல்சுவர் மாதிரி இருட்டாக ஏதாவது இருக்கவேண்டும். அந்த இருட்டைப் பார்த்து கேமரா ஏமாந்து வெள்ளைப் பூவை வெளிறடித்துவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) -0.7 அல்லது -1 வையுங்கள்.

வீட்டு முற்றமென்றால் "போலே ஃபோட்டோ?" என்று கேட்டுவிட்டு எடுங்கள், 'எடுக்கலாமா' என்பதுதான். கும்பிடுகிறவருக்குக் குறுக்கே போகாதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள், பூசாரியைவிட உயரமான இடத்தில் ஏறாதீர்கள். கோயிலுக்குள் சாரோங்கும் (லுங்கி மாதிரி கட்டுவது) இடுப்புத் துணியும் கட்டாயம். மாதவிடாய் நாட்களில் பெண்களுக்கு அனுமதி இல்லை.

வயலுக்கு ஜாதிலுவி கிராமத்துக்குப் போங்கள். அங்கே வயல் வேறு, சாமி வேறு இல்லை. உழவர்கள் சேர்ந்து தண்ணீரைப் பங்கிடும் சுபாக் முறையே நீர்க் கோயில்களைச் சுற்றித்தான் இயங்குகிறது. 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆகவே வெறும் படிக்கட்டு வயலை எடுக்காமல், வரப்போரத்துச் சின்ன சன்னதியையும் ஓரமாகச் சேருங்கள். வயல் எவ்வளவு பெரிது என்பதும் அப்போதுதான் புரியும்.

போலரைசர் ஃபில்டர் இருந்தால் நெல்லிலையின் பளபளப்பைக் குறைத்துப் பச்சையை எடுத்துக் கொடுக்கும். ஆனால் நாற்று நட்ட புதிதில் தண்ணீர் நிற்கிற வயலில் அதைக் கழற்றிவிடுங்கள். வானத்தின் பிம்பத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். நிலநடுக்கோட்டுப் பக்கம் சூரியன் சரசரவென்று ஏறிவிடுவதால் இளவெயில் அதிக நேரம் நிற்காது. ஆகஸ்டில் ஆறரையை ஒட்டித்தான் விடியும். ஆறு மணிக்கே வரப்பில் இருங்கள்.

ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் முழுக்கப் பனி படியும். எனக்கு முதல் நாள் காலையே இதில் போனது. துடைக்கத் துடைக்க மறுபடி படியும். கிளம்புவதற்கு அரை மணி முன்னால் பையை மூடியபடியே வெளித் திண்ணையில் வைத்துவிடுங்கள், அதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம்.