பேத்தியோடு பார்க்க மந்திரச் சிறுமிக் கதைகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் எட்டு வயதுப் பேத்தி விடுமுறை முழுவதும் அனிமே எனப்படும் ஜப்பானியச் சித்திரத் தொடர்களைப் பார்க்கிறாள். மந்திரக்கோலும் மின்னும் உடையுமாகச் சிறுமிகள் வரும் கதைகள்தாம் அவளுக்கு விருப்பம். நானும் அவளுடன் அமர்ந்து பார்க்கத்தக்க தொடர் ஒன்றைச் சொல்லுங்கள். (ஒரு பாட்டி, ரோஸ் ஹில்)

பதில்: தயங்காமல் 'கார்ட்கேப்டர் சகுரா'விலிருந்து தொடங்குங்கள், அம்மா. கிளாம்ப் என்னும் பெண் ஓவியர் குழு 1996இல் வரையத் தொடங்கிய சித்திரக்கதை இது, ஜப்பானின் என்.எச்.கே. ஒளிபரப்பில் 1998 முதல் 2000 வரை 70 பகுதிகளாக வந்தது. பத்து வயது சகுரா, தந்தையின் நூலறையில் இருந்த ஒரு பழைய புத்தகத்தைத் திறக்கிறாள். அதனுள் இருந்த மந்திரச் சீட்டுகள் காற்றில் எழும்பி ஊரெங்கும் சிதறிவிடுகின்றன. புத்தகத்தைக் காவல் காக்க வேண்டிய கெரோ, பொம்மை போன்ற குட்டி உருவத்தில் கண் விழித்து, சீட்டுகளைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பை அவள் தலையிலேயே கட்டிவிடுகிறது.

மந்திரத்தைவிட அந்த வீடுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சகுராவுக்கு மூன்று வயதாகும்போதே தாய் இறந்துவிட்டார். தந்தை, அண்ணன், சகுரா மூவரும் முறை வைத்துச் சமைக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள். காலை உணவுக்கு வரும் சகுரா, தாயின் படத்துக்கு வணக்கம் சொல்லத் தவறுவதில்லை. அந்த இழப்பை மறைக்காமலும், அதை வைத்து நம்மை அழவைக்க முயலாமலும் கதை சொல்லும் பக்குவம் பெரியவர்களுக்கான நாடகங்களிலேகூட அரிது. சகுரா அணியும் உடைகள் எவையும் மந்திரத்தால் வருபவை அல்ல. தோழி டோமோயோ ஒவ்வொரு சாகசத்துக்கும் புதிதாக ஒன்றைத் தைத்துக் கொடுத்து, நடப்பதையெல்லாம் வீடியோ கேமராவில் பதிவு செய்துகொள்கிறாள். எவரையும் தோற்கடிப்பதைவிட, சீட்டின் இயல்பை அறிந்து அதை அமைதிப்படுத்துவதே பல பகுதிகளில் தீர்வாக அமைகிறது.

பேத்தி பிரெஞ்சுப் பதிப்பில் பார்ப்பவளாயின், வேகமான உரையாடல் தங்களுக்குப் பிடிபடாத இடங்களில் அவளையே தமிழில் கதை சொல்லச் சொல்லுங்கள். வகுப்பில் தமிழை எழுதிப் படிக்கும் நம் மொரீசியஸ் பிள்ளைகளுக்கு அதைப் பேசுவதற்குத்தான் இடம் குறைவாக இருக்கிறது. தனக்குப் பிடித்த கதையைச் சொல்லும் ஆர்வத்தில் அவள் தடுமாற்றத்தைப் பொருட்படுத்தாமல் பேசுவாள்.

கேள்வி: மந்திரம், சூனியக்காரி என்று வரும் கதைகள் குழந்தைகளுக்கு ஆகுமா? உழைக்காமலே எல்லாம் கிடைத்துவிடும் என்ற எண்ணம் வளராதா? (ஒரு தந்தை, போர்ட் லூயிஸ்)

பதில்: தங்கள் கவலை நியாயமானது, ஐயா, ஆனால் இவ்வகையின் நல்ல கதைகள் அந்தக் கவலையைத்தான் கருவாகக் கொண்டிருக்கின்றன. 1999இல் தொடங்கிய 'ஒஜமாஜோ டொரேமி'யைப் பாருங்கள். கடைக்காரப் பெண்மணியை மந்திரக்காரி என்று சிறுமி டொரேமி வாய்விட்டுச் சொன்னதும், அவர் தவளை போன்ற உருவமாகிவிடுகிறார். அவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர, டொரேமியே மந்திரம் பயின்று, படிப்படியாகத் தேர்வு எழுதித் தேற வேண்டியிருக்கிறது. நோயைக் குணமாக்குவதும், இறந்தவரை எழுப்புவதும் அங்கே விலக்கப்பட்ட மந்திரங்கள். ஆகவே வகுப்புத் தோழியின் வீட்டுச் சண்டையோ, பள்ளிக்கு வர அஞ்சும் பிள்ளையின் தயக்கமோ கடைசியில் பேசித்தான் தீர்கிறது. நான்கு ஆண்டுகள் தொடர்ந்த இக்கதையில் மூன்றாம் வகுப்புச் சிறுமிகள் ஆறாம் வகுப்பு வரை வளர்கிறார்கள் என்பதும் எனக்கு மிக உவப்பானது. பல கார்ட்டூன்களில் பிள்ளைகளுக்கு வயது ஏறுவதே இல்லை.

கேள்வி: 'பிரிட்டி க்யூர்' தொடரில் சிறுமிகள் மந்திர நாயகிகளாக உருமாறும் காட்சி ஒவ்வொரு பகுதியிலும் அப்படியே திரும்ப வருகிறதே, ஏன்? (ஒரு தாய், கத்ர் போர்ன்)

பதில்: வாரந்தோறும் புதுப்பகுதி தர வேண்டிய நெருக்கடியில், ஒருமுறை சிறப்பாக வரைந்த காட்சியைத் திரும்பப் பயன்படுத்தினால் உழைப்பும் செலவும் மிச்சம். 2004 முதல் ஞாயிறு காலையில் வரும் அத்தொடரில் இன்னொரு காரணமும் உண்டு: உருமாற உதவும் கருவி பண்டாய் நிறுவனத்தின் விளையாட்டுப் பொருளாகக் கடைக்கு வருகிறது. குழந்தைகளோ அந்தக் காட்சிக்காகவே காத்திருந்து, கூடவே எழுந்து நின்று கைகளை அசைக்கிறார்கள்.

கேள்வி: வெளித்தோற்றத்தைப் பார்த்து, இவ்வகைக் கதைகள் எல்லாமே குழந்தைகளுக்கானவை என்று நம்பலாமா? (ஒரு வாசகர், ட்ரியோலெ)

பதில்: நம்பக் கூடாது. 2011இல் வந்த 'மடோக்கா மேஜிகா' வெளித்தோற்றத்தில் இளஞ்சிவப்பும் நாடாவுமாக இருந்தாலும், மூன்றாம் பகுதியிலேயே அச்சமூட்டும் மரணம் ஒன்று நிகழ்கிறது. வளர்ந்தவர்களுக்கு அது மிகச் சிறந்த படைப்பு. பத்து வயதுப் பிள்ளைக்கு வேண்டாம். எந்தத் தொடராயினும் முதல் மூன்று பகுதிகளைத் தாங்கள் முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. தொடருக்கு நேரமில்லையெனில், ஜப்பானிய இயக்குநர் மியாசாகி 1989இல் இயக்கிய கிகி என்னும் பதின்மூன்று வயது மந்திரக்காரியின் திரைப்படத்தைக் குடும்பத்தோடு ஒரே மாலையில் பார்த்துவிடலாம். துடைப்பத்தில் பறந்து பொதிகளைக் கொண்டுசேர்த்துப் பிழைக்கும் அச்சிறுமிக்கு நடுவில் பறக்கும் ஆற்றலே போய்விடுகிறது; அந்தப் பகுதியில் சிறு பிள்ளைகள் சற்றுச் சலிக்கக்கூடும், ஆனால் மேல்நிலைப் பள்ளிக்குப் போகவிருக்கும் பிள்ளைகள் அசையாமல் பார்ப்பார்கள்.