சட்டித் தயிர் விக்கிற பேஜ்ல நாமளா உண்டாக்கின சொல்லுகளப் போடலாமா?

தாராளமாப் போடுங்க, ஆனா பெயருக்கு ஒரு கணக்கு, பேச்சுக்கு வேற கணக்கு. ஜோர்ஜ் ஈஸ்ட்மன் 1888ல தன்ட கேமராவுக்கு கோடக் எண்டு பெயர் வெச்சாரே, அதுக்கு அர்த்தமே இல்ல, கே எழுத்து அவருக்குப் பிடிச்சிரிந்த, அவ்வளவுதான். பெயர் அப்பிடி இரிக்கலாம், சனம் பழகிரும். போஸ்ட்ல வாற சொல்லு அப்பிடி இரிக்க ஒண்ணா, வாசிச்ச உடன விளங்கணும். 1967ல பிரித்தானியாவுல டின் பீன்ஸ் விக்கிற ஹைன்ஸ் கம்பெனி "Beanz Meanz Heinz" எண்டு விளம்பரம் போட்டு, பீன்ஸ்ட கடைசி எழுத்த இசட் ஆக்கி, ஹைன்ஸோட ஓசை சேத்து விட்டாங்க, மாத்தினது சின்னதுதான், ஆனா பிராண்ட் பெயரு அதுக்குள்ளயே இரிக்கி.

தமிழ்ல நமக்கு இது இன்னும் லேசு. மரங்கொத்தி, மீன்கொத்தி எண்டு பொருளையும் செயலையும் ஒட்டினாலே பெயர் வந்திரும், அதே அச்சுல மட்டக்களப்பு எருமத் தயிருக்கு "சட்டிவழிச்சான்" எண்டு போட்டுப் பாருங்க, ஆரும் அர்த்தம் கேக்க மாட்டாங்க, கடைசிக் கரண்டிக்குச் சண்டை பிடிக்கிற வீட்டுக்காரர டேக் பண்ணுவாங்க. கர்ட்டையும் டிலீசியஸையும் ஒட்டின "கர்ட்லீசியஸ்" மாதிரி இங்கிலீசு ஒட்டு வேணாம், அது கொழும்பு ஏஜென்சி வாசம் (எனக்கு அதுல ஒரு கடுப்பு, விடுங்க).

ஒரு போஸ்ட்டுக்கு ஒரு சொல்லு போதும். முதல்ல கடையில நிக்கிற ஆருக்கும் வாயால சொல்லிப் பாருங்க, நாக்குச் சிக்கினா விட்டிருங்க. பிடிச்ச சொல்ல மாத்தாம மறுகா மறுகா போடுங்க, அப்பதான் ஆக்களே சொல்லத் தொடங்குவாங்க.

விலை, டெலிவரி நேரம், எத்தின நாளைக்குப் பழுதாகாது எண்டதுல விளையாட்டு வேணாம். தயிர் புளிச்சிட்டு எண்டு ஒரு ஆள் கோவத்துல மெசேஜ் போட்டா நேராப் பதில் சொல்லுங்க, அந்த நேரம் சட்டிவழிச்சான் எண்டா ஏசுவாங்க.