கால் எட்டவில்லை, வண்டியை இறக்கலாமா?

கேள்வி: எனக்கு உயரம் 5 அடி. ஆறு வருடமாக ஸ்கூட்டி ஓட்டுகிறேன், கியர் வண்டி இப்போதுதான் அண்ணனின் ஸ்ப்ளெண்டரில் பழகுகிறேன். ஆசை ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 மேல். ஷோரூமில் ஏறி உட்கார்ந்தால் கால் நுனிதான் தரையில் படுகிறது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் வண்டியின் உயரத்தையே இறக்கித் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: மெக்கானிக்கைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். ஸ்ப்ளெண்டரின் சீட் உயரம் 785 மி.மீ., கிளாசிக் 805. வித்தியாசம் இரண்டே சென்டிமீட்டர். ஆனால் எடை? அது 112 கிலோ, இது 195. போதாததற்கு சீட்டும் அகலம், தொடை விரிந்துவிடுவதால் இருக்கிற காலும் குட்டையாகிப் போகிறது.

வண்டியை இறக்கினால் ஸ்பீடு பிரேக்கரில் அடிவயிறு உரசும், நம் ஊரில் அது எத்தனை என்று உங்களுக்கே தெரியும். இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: சைடு ஸ்டாண்டு அதே நீளத்தில் இருப்பதால் வண்டி சாயாமல் நிமிர்ந்து நிற்கும், லேசாக இடித்தாலே வலப்பக்கம் சரிந்துவிடும்.

அதைவிட சீட் தைக்கிறவரிடம் போய், தொடை வரும் முன்பகுதியில் மட்டும் இரண்டு பக்கமும் ஃபோமைச் செதுக்கச் சொல்லுங்கள். கால் நேராக இறங்கும். ஒரே மூச்சில் நிறைய எடுக்க விடாதீர்கள், அப்புறம் தகட்டின் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பின் ஷாக் அப்சார்பரை மிக இளகிய படிக்கு வைத்தால் உட்காரும்போது வண்டி இன்னும் கொஞ்சம் அமுங்கும். பின்னால் ஆள் ஏறினால் பழையபடி ஏற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு காலும் ஊன்ற வேண்டும் என்ற எண்ணத்தையும் விடுங்கள். நிறுத்தும்போது இடுப்பை இடப்பக்கம் நகர்த்தி இடது பாதத்தை முழுதாக ஊன்றுங்கள், வலது கால் பின் பிரேக்கிலேயே இருக்கட்டும். ஊன்றும் இடம் பள்ளமா, ஜல்லியா என்று நிற்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பெட்ரோல் பங்க்கில் ஒரு சின்னப் பள்ளத்தில் காலை வைத்து வண்டியோடு விழுந்தவன் சொல்கிறேன், வலித்தது காலைவிட மானம்தான்.

தாழ்வான சீட்தான் வேண்டும் என்றால் மீட்டியோர் 350-ஐப் பாருங்கள், 765 மி.மீ. ஆனால் அதுவும் 191 கிலோ.

எதுவானாலும் தினமும் போடும் ஷூவோடு ஷோரூமுக்குப் போங்கள். உட்கார்ந்தபடியே வண்டியைக் காலால் பத்தடி பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். முடியவில்லையா, அன்றைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஸ்ப்ளெண்டரிலேயே இன்னும் மூன்று மாதம் ஓட்டிவிட்டு மறுபடி போங்கள்.