நாலு வேக், ஒரே எந்திரி

வணக்கம் சார். லீவு கேட்டு ஆபீஸ் மெயில்ல "ஐ அவோக் வித் ஃபீவர்"னு எழுதினேன், டீம்ல ஒருத்தர் "என்னப்பா, ஷேக்ஸ்பியரா?"ன்னு கலாய்ச்சுட்டார். டிக்ஷனரில பாத்தா வேக், வேக்கன், அவேக், அவேக்கன்னு நாலு இருக்கு, நாலுக்கும் ஏறக்குறைய ஒரே அர்த்தம்தான். எதை எங்க போடறது?
- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவேக்கோட இறந்தகாலம்தான் அவோக், அதைப் போட்டது கிராமர்படி தப்பே இல்ல, ஆனா "காய்ச்சலுடன் துயிலெழுந்தேன்"னு லீவு லெட்டர் எழுதின மாதிரி இருக்கு, அதான் சிரிச்சிருக்கார். பேச்சுக்கு "வோக் அப்" போதும். அவேக்கை வினையா போடறதெல்லாம் கதை எழுதறவங்க வேலை, தினப்படி "ஆர் யூ அவேக்?"னு கேக்கறோமே, அங்க அது வினையே இல்ல, முழிச்சிருக்கற நிலைமையைத்தான் சொல்லுது. அவேக்கன் பெரும்பாலும் சந்தேகம், ஆசை இதையெல்லாம் கிளப்பிவிட. அம்மா காலைல எழுப்பினதுக்கு அவேக்கன் போட்டா ஏதோ ஞானம் குடுத்த மாதிரி ஆயிடும். வேக்கனை மறந்துடுங்க.

பழைய இங்கிலீஷ்ல தூக்கத்துலேர்ந்து முழிக்க ஒரு வினை, தூங்காம முழிச்சே இருக்க இன்னொண்ணு, ரெண்டும் பிற்பாடு கலந்துதான் இந்த வேக். அயர்லாந்துல செத்தவங்க பக்கத்துல ராத்திரி பூரா கண்ணு முழிச்சு உக்கார்றாங்களே, அதுக்கும் வேக்னுதான் பேரு, நம்ம சாவு வீட்லயும் அதேதான நடக்குது. "அதைத் தொடர்ந்து"ன்னு சொல்ல போடற "இன் த வேக் ஆஃப்"ல வர்ற வேக் மட்டும் வேற சாதி, அது கப்பல் போன தண்ணித் தடம், தூக்கத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

உண்மையில நாம சறுக்கறது வேற எடத்துல. அஞ்சு மணிக்கே முழிப்பு தட்டிடுது, ஏழு வரைக்கும் போர்வைக்குள்ள போனை நோண்டிட்டு கெடக்கறோம். அஞ்சு மணிக்கு நடந்தது வேக் அப், ஏழு மணிக்கு நடந்ததுதான் கெட் அப். நமக்கு ரெண்டுக்கும் "எந்திரிச்சேன்" ஒண்ணே போதுங்கறதால இங்கிலீஷ்லயும் ரெண்டையும் கெட் அப்லயே அமுக்கிடறோம். எழுந்தேன், எழுப்பினேன்னு நாம பிரிக்கறதை அவங்க பிரிக்கல, "ஐ வோக் அப்", "ஐ வோக் ஹிம் அப்", ரெண்டுக்கும் அதே வினை.

இப்ப நியூஸ்ல அடிபடற "வோக்"கும், அதாவது சமூக அநீதி விஷயத்துல முழிப்பா இருக்கறதுங்கற அர்த்தத்துல வர்றது, இதோட வாரிசுதான். கறுப்பின அமெரிக்கர்கள் பேச்சுல இருந்தது, 1962லயே நியூயார்க் டைம்ஸ்ல ஒரு கட்டுரைத் தலைப்புல வந்துடுச்சு, ஆக்ஸ்ஃபோர்டு டிக்ஷனரி அந்த அர்த்தத்தைச் சேத்தது 2017ல. அதைப் பத்தின சண்டைக்கு நான் வரல.

அடுத்த தடவை "ஐ வோக் அப் வித் அ ஃபீவர்"னு போடுங்க. அந்த "அ"வை விட்டுட்டீங்க, கலாய்ச்சவர் அதை கவனிக்கல போல.