1911 பிஸ்டல்: எந்த பிராண்டு வாங்கலாம்? கேள்வி பதில்

அமெரிக்காவில் வசிக்கும் நண்பர்கள் பலர், துப்பாக்கி சுடும் ரேஞ்சில் ஒருமுறை 1911 சுட்டுப் பார்த்த பிறகு அதையே வாங்க வேண்டும் என்கிறார்கள். கடைக்குப் போனால் அங்கே பத்துப் பதினைந்து பிராண்டுகள் வரிசையாக இருக்கின்றன. அவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்தவரை இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, பார்க்க ஒரே மாதிரி இருக்கிற பிஸ்டலை ஒருவர் 450 டாலருக்கு விற்கிறார், இன்னொருவர் 4,000 டாலருக்கு விற்கிறார். உள்ளே அப்படி என்ன வித்தியாசம்?

பதில்: ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்து, கோல்ட் கம்பெனி தயாரித்து, 1911 மார்ச் 29 அன்று அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட பிஸ்டல் இது. அதன் காப்புரிமை முடிந்து பல தலைமுறை ஆகிவிட்டது. இன்று யார் வேண்டுமானாலும் செய்யலாம், செய்கிறார்கள். வடிவம் எல்லோருக்கும் பொது. எந்த எஃகு, பாகங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, கடைசியில் பொருத்திச் சரிபார்ப்பது யார் என்பதையெல்லாம் அந்தந்தக் கம்பெனிதான் முடிவு செய்கிறது. நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி போவது அங்கேதான்.

விலை குறைந்தவற்றில் ஹேமர் (சுடுவதற்காக அடிக்கும் சுத்தியல்), சியர் (அந்தச் சுத்தியலைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கி) போன்ற சின்ன பாகங்கள் பெரும்பாலும் எம்ஐஎம் முறையில் வந்தவை. உலோகத் தூளை அச்சில் செலுத்திச் சூடாக்கி இறுக்குவது அந்த முறை. விலை கூடக் கூட, முழு எஃகுக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த பாகங்கள் வரும். உச்சியில் வில்சன் காம்பாட், நைட்ஹாக், எட் பிரவுன் போன்றவர்கள் ஸ்லைடை (சுடும்போது பின்னே ஓடும் மேல்பாகம்) ஃபிரேமோடு (பிடியுள்ள கீழ்பாகம்) கையால் தேய்த்துப் பொருத்துகிறார்கள். நைட்ஹாக்கில் ஒரு துப்பாக்கியை ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே கைவினைஞர்தான் கட்டுவார்.

என் கணிப்பு இது: 450 டாலருக்கும் 900 டாலருக்கும் உள்ள வித்தியாசம் கையில் எடுத்ததுமே தெரியும். 900-க்கும் 1,800-க்கும் உள்ளது சுடும்போது தெரியும். அதற்கு மேல் போகும் பணம் நேர்த்திக்கும் அழகுக்கும். அந்த நேர்த்தி உண்மையானது, நான் அதை மதிக்கிறேன். ஆனால் முதல் 1911 வாங்குகிறவரின் இலக்குத் தாளில் அது தெரியாது.

கேள்வி: ராக் ஐலண்டா, டிசாஸா? பட்ஜெட் 500-க்குள்.

பதில்: இரண்டுமே வாங்கத் தகுந்தவை. ராக் ஐலண்டு பிலிப்பைன்ஸில் ஆர்ம்ஸ்கோர் தயாரிப்பது. டிசாஸ் துருக்கியின் டிராப்சோன் நகரத்திலிருந்து வருகிறது. ராக் ஐலண்டின் ஃபிரேம் வார்ப்பு, டிசாஸினுடையது அடித்து உருவாக்கிய எஃகு. வார்ப்பு என்றதும் பயப்பட வேண்டாம். ரூகரின் எஸ்ஆர்1911 ஃபிரேமும் வார்ப்புதான், அது நன்றாகவே உழைக்கிறது. ஆனால் இந்த விலையில் வேலைப்பாடு எனக்கு டிசாஸில்தான் பிடித்திருக்கிறது. ராக் ஐலண்டுக்கு உள்ள பலம், இங்கே பல வருடங்களாகப் புழக்கத்தில் இருப்பது. உதிரிபாகமும் அனுபவமும் எளிதாகக் கிடைக்கும்.

எதை எடுத்தாலும் கூடவே இரண்டு நல்ல மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) வாங்குங்கள். 1911 சிக்கிக்கொள்கிறது என்று என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் மாற்றச் சொல்வது மேகசினைத்தான். வில்சனின் 47டி பல காலமாக நம்பப்படுவது.

கேள்வி: சார், சீரீஸ் 70, சீரீஸ் 80 என்கிறார்களே, எது நல்லது? கோல்ட் வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பிராண்டுகளுக்கு நடுவே உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரவுனிங்கின் வடிவத்தில் ஃபயரிங் பின்னை (தோட்டாவின் பின்புறத்தைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி) தடுத்து நிறுத்த ஒரு ஸ்பிரிங் மட்டும்தான் உண்டு. நிறைத்த பிஸ்டல் முகம் குப்புறக் கடினமான தரையில் விழுந்தால், அந்தப் பின் தன் எடையாலேயே முன்னே பாய்ந்து தோட்டாவைத் தொட வாய்ப்பு இருக்கிறது. அபூர்வம்தான், ஆனாலும் நடக்கக்கூடியது. இதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு வழி கண்டுபிடித்தது.

கோல்ட் 1983-இல் சீரீஸ் 80-ஐக் கொண்டுவந்தது. ட்ரிக்கரை அழுத்தினால்தான் விலகும் ஒரு தடுப்பு, ஸ்லைடுக்குள் பின்னைப் பிடித்திருக்கும். சிக் சாவரும் இதே வகை. கிம்பரின் ‘சீரீஸ் டூ’ மாடல்களிலும் ஸ்மித் அண்ட் வெஸன் 1911-களிலும் தடுப்பு கிரிப் சேஃப்டியோடு (பிடியை இறுகப் பிடித்தால்தான் விடுபடும் பாதுகாப்பு) இணைந்திருக்கும், ட்ரிக்கரோடு அல்ல. ஸ்பிரிங்ஃபீல்டும் ரூகரும் வேறு வழியில் போனார்கள். டைட்டானியத்தில் எடை குறைந்த ஃபயரிங் பின் போட்டார்கள். எடை குறைவு என்பதால் விழும்போது பாயும் வேகம் போதாது. தனித் தடுப்பு எதுவும் தேவைப்படாது.

ட்ரிக்கர் சுத்தமாக விடுபட வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்குத் தடுப்பு இல்லாத வகை பிடிக்கும். சீரீஸ் 80-இல் கூடுதலாகச் சில நெம்புகோல்கள் இருப்பதால் அந்த உணர்வு சற்று மங்கும் என்பார்கள். நல்ல கைவினைஞர் சரிசெய்த சீரீஸ் 80 ட்ரிக்கரைச் சுட்டுப் பாருங்கள், குறை சொல்ல மாட்டீர்கள். இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாடப் போகிறீர்கள் என்றால் தடுப்போ டைட்டானியம் பின்னோ இருப்பதையே எடுங்கள். ரேஞ்சுக்கு மட்டும் என்றால் பழைய வகையே போதும்.

இன்னொன்று: கடையில் ‘சீரீஸ் 70’ என்று சொல்வது பெரும்பாலும் ‘தடுப்பு இல்லாதது’ என்ற பொருளில்தான். 1970-இல் கோல்ட் அந்தப் பெயரில் விற்றதன் தனி அடையாளம், பேரலின் (குழலின்) முனையை விரல்கள் போலப் பிடித்த ஒரு புஷிங் (வளையம்). இன்றைய ‘சீரீஸ் 70’-இல் அது இருக்காது.

கேள்வி: நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். வாங்க முடியுமா? முடியாவிட்டால் கிரீன் கார்டு வைத்திருக்கும் நண்பர் பெயரில் வாங்கி நான் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: நண்பர் பெயரில் வேண்டவே வேண்டாம். இன்னொருவருக்காக வாங்கிவிட்டு, துப்பாக்கி வாங்கும்போது டீலரிடம் நிரப்பும் படிவம் 4473-இல் எனக்காகத்தான் வாங்குகிறேன் என்று கையெழுத்துப் போடுவது மத்தியச் சட்டப்படி குற்றம். இருவரும் மாட்டிக்கொள்வீர்கள், உங்கள் குடியேற்ற விண்ணப்பமும் போய்விடும்.

எச்1பி உட்பட, குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அந்தத் தடைக்குள் வரும். சில விதிவிலக்குகள் உண்டு. ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் அதில் முக்கியமானது. அதை நம்பி இறங்குவதற்கு முன் குடியேற்றச் சட்டமும் துப்பாக்கிச் சட்டமும் தெரிந்த வழக்கறிஞரிடம் பேசுங்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. அப்போது டீலரிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், அப்புறம் உங்கள் மாநிலச் சட்டம். அவ்வளவு காலம் பொறுத்திருப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

கேள்வி: அண்ணா, என் கை சின்னது. .45 அங்குலத் தோட்டா ரொம்பத் தூக்கி அடிக்கிறது, ஸ்லைடை இழுக்கவும் கஷ்டமாக இருக்கிறது. எனக்கு 1911 சரிவருமா?

பதில்: கட்டாயம் சரிவரும் அம்மா. சின்னக் கைக்கு இதைவிடப் பொருத்தமான பெரிய பிஸ்டல் குறைவு. தோட்டாக்கள் ஒற்றை வரிசையில் நிற்பதால் பிடி ஒல்லியாக இருக்கும். நீளம் குறைந்த ட்ரிக்கரையும் மெல்லிய கிரிப் பலகைகளையும் மாட்டிக்கொள்ளலாம். 1920-களில் ராணுவமே இதைத்தான் செய்தது: சிப்பாய்களின் விரல் எட்டவில்லை என்று ட்ரிக்கரைக் குட்டையாக்கி, அதன் பின்னால் ஃபிரேமைக் குடைந்து, 1911ஏ1 என்று பெயர் வைத்தார்கள்.

நீங்கள் .45-ஐ விட்டுவிட்டு 9எம்எம் 1911 எடுங்கள். முழு எஃகு, 5 அங்குல பேரல். ஒரு கிலோவுக்கு மேல் எடை இருப்பதால் உதை மென்மையாக வரும். ஸ்பிரிங் இலகுவானது, ஸ்லைடு எளிதாக வரும். இழுப்பதற்கு முன் கட்டைவிரலால் ஹேமரைப் பின்னால் தள்ளிவிடுங்கள், பாதி பாரம் போய்விடும். தோட்டா விலையும் .45-இல் ஏறக்குறைய பாதி, அதனால் இரண்டு மடங்கு பயிற்சி செய்யலாம். ஸ்பிரிங்ஃபீல்டு, டிசாஸ், டான் வெஸன் என்று எல்லா விலையிலும் 9எம்எம் கிடைக்கிறது. முதலில் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து ஒரு பெட்டி சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: 3 அங்குலக் குட்டி 1911 எப்படி? மறைத்து எடுத்துப் போக வசதி.

பதில்: முதல் 1911-ஆக வேண்டாம். இந்த இயந்திரம் 5 அங்குலத்துக்காக வரையப்பட்டது. குட்டையாக்கினால் ஸ்லைடு ஓடும் தூரம் குறைகிறது, அடுத்த தோட்டா மேலே ஏறி வரக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. ஸ்பிரிங்கையும் அடிக்கடி மாற்ற வேண்டும். எடுத்துப் போகத்தான் வேண்டும் என்றால் கமாண்டர் அளவு, அதாவது 4.25 அங்குலம், போதும். ரூகரின் இலகு எடை கமாண்டர் அந்த வேலைக்கு நல்லது.

கேள்வி: எக்ஸ்ட்ராக்டர் (சுட்டு முடித்த தோட்டாக்கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) உள்ளே இருப்பது நல்லதா, வெளியே இருப்பதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: பிரவுனிங்கின் எக்ஸ்ட்ராக்டர் ஸ்லைடுக்குள் ஒளிந்திருக்கும் நீளமான ஒற்றைத் துண்டு. அதுவே கொக்கி, அதுவே ஸ்பிரிங். அதனால் எஃகின் தரமும் வளைவும் சரியாக அமைய வேண்டும். மலிவான எஃகில் செய்தால் சில நூறு தோட்டாக்களில் பிடிப்பு தளர்ந்து, காலித் தோட்டாக்கூடு முகத்தில் வந்து விழ ஆரம்பிக்கும். ஸ்மித்தும் சிக்கும் இதை வெளியே கொண்டுவந்து, தனிச் சுருள் ஸ்பிரிங் வைத்தார்கள். பராமரிப்பு குறைவு. கிம்பர் 2000-களில் சில வருடம் வெளி எக்ஸ்ட்ராக்டர் போட்டுவிட்டு, மறுபடி உள்ளே உள்ளதற்கே திரும்பியது.

எனக்கு உள்ளே இருப்பதுதான் பிடிக்கும், ஏனென்றால் வீட்டிலேயே சோதிக்கலாம். ஸ்லைடைக் கழற்றி, பேரலை எடுத்துவிட்டு, ஒரு டம்மி தோட்டாவின் விளிம்பைக் கொக்கிக்கு அடியில் நுழையுங்கள். ஸ்லைடை மெதுவாக அசைத்தால் தோட்டா நிற்க வேண்டும், வேகமாக உதறினால் விழ வேண்டும். அசைத்ததுமே விழுந்தால் பிடிப்பு போதாது. உதறியும் விழாவிட்டால் பிடிப்பு அதிகம். பழகினால் அதை நீங்களே வளைத்துச் சரிசெய்யலாம். நிஜத் தோட்டாவில் இதைச் செய்ய வேண்டாம்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பெரியவர், ராணுவத்தில் இருந்தவர், ஒரு பழைய ரெமிங்டன் ராண்டு 1911ஏ1-ஐ எனக்கு விற்கிறேன் என்கிறார். ஆனால் ஸ்லைடில் ஒரு கம்பெனி பெயர், ஃபிரேம் கோல்ட் மாதிரி தெரிகிறது. போலியா? வாங்கினால் புதுசாகப் பூச்சு போடலாமா?

பதில்: இரண்டாவதற்கு முதலில் பதில்: பூச்சு போடாதீர்கள், தேய்க்காதீர்கள், பாலிஷ் போடாதீர்கள். அசல் பூச்சு போனால் சேகரிப்பாளரிடம் அதன் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும்.

பெயர் மாறியிருப்பதால் மட்டும் போலி ஆகிவிடாது. இரண்டாம் உலகப் போரில் கோல்ட் தவிர ரெமிங்டன் ராண்டு, இதாகா, யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் ஆகியோரும் இதைச் செய்தார்கள். தட்டச்சுப் பொறி செய்துகொண்டிருந்த ரெமிங்டன் ராண்டுதான் அவர்களில் அதிகம் செய்தது, 8 லட்சத்துக்கு மேல். தையல் மெஷின் சிங்கர் 500 மட்டுமே செய்தது, இன்று அது ஒன்று கிடைத்தால் பெரும் சொத்து. யார் செய்தாலும் பாகம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் கட்டளை. போருக்குப் பிறகு ராணுவப் பணிமனைகளில் பிரித்துச் சுத்தம் செய்து, கைக்குக் கிடைத்த பாகத்தைப் போட்டுத் திரும்பக் கட்டினார்கள். அதனால் கலப்படப் பிஸ்டல்கள் ஏராளம். முழுக்க ஒரே கம்பெனி பாகம் உள்ளதைவிட விலை குறையும், அவ்வளவுதான். வரிசை எண்ணையும் ஆய்வாளர் முத்திரையையும் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு விலை பேசுங்கள். அந்தப் பெரியவரிடம் அது எப்படி வந்தது என்று கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்துக்கும் மதிப்பு உண்டு.

கேள்வி: ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி என்பது பழைய அரசாங்க ஆலைதானே? அதனால் அதுதான் அசல் என்கிறார் கடைக்காரர்.

பதில்: இல்லை. மாசசூசெட்ஸில் இருந்த அரசு ஆலை 1968-இல் மூடப்பட்டது. இப்போதுள்ளது இல்லினாயில் அதே பெயரில் இயங்கும் தனியார் கம்பெனி. அவர்களின் பல 1911-களுக்கு ஃபிரேமும் ஸ்லைடும் பிரேசிலின் இம்பெல் ஆலையில் அடித்துச் செய்யப்பட்டவை. நல்ல எஃகு, நல்ல விலை. மில்-ஸ்பெக் மாடலை நான் பலருக்குத் தயங்காமல் சொல்லியிருக்கிறேன். கடைக்காரர் சொன்ன காரணம்தான் தவறு.

கேள்வி: 1,000 டாலர் கையில் இருக்கிறது. ஒரே ஒரு பதில் சொல்லுங்கள்.

பதில்: ஸ்பிரிங்ஃபீல்டு மில்-ஸ்பெக் அல்லது ரூகர் எஸ்ஆர்1911, கடையில் எது கையில் நன்றாக உட்கார்கிறதோ அது. மிச்சப் பணத்தில் நான்கு மேகசின், ஒரு கெட்டியான தோல் ஹோல்ஸ்டர், முடிந்த அளவு தோட்டா. குழந்தைகள் உள்ள வீடு என்றால் ஹோல்ஸ்டருக்கு முன்னால் பூட்டுப் பெட்டி வாங்குங்கள். ‘கோல்ட்’ என்ற பெயர் ஸ்லைடில் வேண்டும் என்று மனசு சொன்னால் இன்னும் கொஞ்சம் சேர்த்து கோல்டே வாங்குங்கள். 2021-இல் செக் நாட்டு சிஇசட் குழுமம் அதை வாங்கிக்கொண்டது. கவர்ன்மென்ட் மாடல் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

கேள்வி: ஸ்லைடைத் திரும்ப முன்னே தள்ளும் ஸ்பிரிங்கை எப்போது மாற்ற வேண்டும்?

பதில்: 5 அங்குல .45-க்கு 16 பவுண்டு ஸ்பிரிங். 2,000 முதல் 3,000 தோட்டாவுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றிவிட்டு ஸ்லைட் ஸ்டாப்பை (ஸ்லைடைப் பிடித்து நிறுத்தும் பாகம்) திரும்பச் செருகும்போது ஃபிரேமில் உரசாமல் கீழிருந்து நேராக ஏற்றுங்கள். அங்கே விழும் வளைந்த கீறல் எந்தப் பூச்சாலும் முழுசாக மறையாது.