ஸ்க்ரைப் வேண்டாம், கூடுதல் நேரம் போதும்: கல்லூரியில் எப்படிக் கேட்பது?

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு பி.காம். சேர்ந்திருக்கிறாள். அரசு உதவிபெறும் கல்லூரி. அவளுக்குக் குறைபார்வை. 40 சதவீதம் என்று சான்றிதழும், மாற்றுத்திறனாளிகளுக்கான யூ.டி.ஐ.டி. அடையாள அட்டையும் இருக்கின்றன. பத்தாவதிலும் பிளஸ் டூவிலும் எல்லாவற்றையும் பள்ளியிலேயே பார்த்துக்கொண்டார்கள். அவள் சொல்லச் சொல்ல ஓர் ஆசிரியர் 'ஸ்க்ரைப்' ஆக உட்கார்ந்து எழுதினார். இப்போது தானே எழுத வேண்டும் என்கிறாள். அலுவலகத்தில் கேட்டால், "ஸ்க்ரைப் வைத்தால்தான் கூடுதல் நேரம்" என்கிறார்கள். வினாத்தாளைப் பெரிய எழுத்தில் கேட்டதற்கு, "அது பல்கலைக்கழகத்திலிருந்து வருவது, நாங்கள் கை வைக்க முடியாது" என்றார்கள். யாரிடம் போவது? (ஒரு தாய், தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: அம்மா, அலுவலகத்தில் சொன்ன முதல் விஷயம் தவறு. இரண்டாவது விஷயம் பாதி மட்டுமே சரி.

மாற்றுத்திறனாளிகள் எழுதும் தேர்வுகளுக்காக மத்திய சமூக நீதி அமைச்சகம் 2018 ஆகஸ்ட் 29 அன்று வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானது அது. ஸ்க்ரைப் வைத்து எழுதுபவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஈடுசெய் நேரம், அதாவது கூடுதல் நேரம், தர வேண்டும் என்கிறது. அடுத்த வரியிலேயே, ஸ்க்ரைப் வைக்காதவர்களுக்கும் 3 மணி நேரத் தேர்வில் குறைந்தது 1 மணி நேரம் கூடுதலாகத் தரலாம் என்றும் இருக்கிறது. கணக்குப் போட்டால் இரண்டும் ஒன்றுதான். பள்ளித் தேர்வுகளில் ஸ்க்ரைபும் கூடுதல் நேரமும் பெரும்பாலும் ஒரே ஆணையில் சேர்ந்து வருவதால், ஒன்றில்லாமல் மற்றொன்று கிடையாது என்ற எண்ணம் அலுவலகங்களில் ஊறிப்போய்விட்டது. அந்த எழுத்தர் வேண்டுமென்றே சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். நெறிமுறையின் இப்போது நடப்பில் உள்ள நகலை எடுத்து, அந்த வரியின் கீழ் கோடு போட்டுக் கொடுங்கள். வாயால் வாதாட வேண்டாம்.

பெரிய எழுத்து வினாத்தாளும் அதே நெறிமுறையில் இருக்கிறது. பிரெய்ல், கணினி, பெரிய எழுத்து என்று எந்த வகையில் தேர்வு எழுதுவது என்பதை மாணவர் தேர்ந்தெடுக்கலாம். இணைப்புக் கல்லூரி என்றால் வினாத்தாள் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமிருந்து வருகிறது என்பது உண்மை. அதனால் முதல்வர் வழியாக அவருக்கு எழுத வேண்டும். தேர்வைத் தானே நடத்தும் தன்னாட்சிக் கல்லூரி என்றால் அந்த அலுவலர் உங்கள் வளாகத்திலேயே உட்கார்ந்திருப்பார், வேலை சுலபம். உங்கள் மகளின் கல்லூரி இதில் எந்த வகை என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பல பெற்றோர் இது தெரியாமல் தவறான கதவைத் தட்டி ஒரு செமஸ்டரைக் கழித்துவிடுகிறார்கள்.

பல்கலைக்கழகம் தனியாக அச்சடித்து அனுப்பாவிட்டாலும் ஒரு வழி உண்டு. தேர்வன்று உறை பிரித்தவுடன், முதன்மைக் கண்காணிப்பாளரின் முன்னிலையில் ஏ4 வினாத்தாளை ஏ3 தாளில் ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து 141 சதவீதமாகும். 12 புள்ளி எழுத்து கிட்டத்தட்ட 17 ஆகிவிடும். இதற்கான அனுமதியை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஜெராக்ஸ் மங்கலாக விழுந்தால் பெரிதாக்கியும் பயனில்லை, குறைபார்வைக்கு அளவைவிடக் கறுப்பு முக்கியம். பி.காம். என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்த் தாளில் ஓர் எழுத்து தெரியாவிட்டால் சொல்லை வைத்து ஊகித்துவிடலாம். அக்கவுன்டன்சி தாளில் 38,600 என்பது 33,800 ஆகத் தெரிந்தால், இருப்புநிலைக் குறிப்பு எத்தனை முறை கூட்டினாலும் டேலி ஆகாது. எந்த எண் தவறு என்று தேடுவதிலேயே அந்தக் கூடுதல் ஒரு மணி நேரம் போய்விடும்.

இதற்குத்தான் 'ரீடர்' இருக்கிறார். அதே நெறிமுறை ஸ்க்ரைபையும் ரீடரையும் தனித்தனியாகவே குறிப்பிடுகிறது. ரீடர் வினாத்தாளைப் படித்துக் காட்டுவார்; எழுதுவது உங்கள் மகள்தான். அவள் ஸ்க்ரைப் வேண்டாம் என்பதில் எனக்கு முழு உடன்பாடு. ஒரு லெட்ஜரை வாயால் சொல்லி எழுத வைத்துப் பாருங்கள்: "இடது பக்கம், பற்று, ஏப்ரல் 5, கொள்முதல் கணக்கு, தொகை இவ்வளவு. இல்லை இல்லை, அது அடுத்த வரியில்." வணிகவியல் தெரியாதவர் கையில் பேனா இருந்தால் கட்டங்கள் கோணலாகும். அது தெரிந்த ஒருவரை உட்கார வைக்கவும் 2018 நெறிமுறை இடம் கொடுக்கவில்லை: மாணவரே அழைத்து வரும் ஸ்க்ரைபின் படிப்பு மாணவரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றது அது. ஆனால் அதற்காக எல்லாத் தாளையும் தானே எழுதுவேன் என்று சபதம் போட வேண்டாம். கட்டுரை கட்டுரையாக எழுதும் தாளுக்கு ஸ்க்ரைப், கணக்குத் தாளுக்கு ரீடரும் கூடுதல் நேரமும் என்று தாளுக்குத் தாள் பிரித்துக் கேட்கலாம். நடுவில் கண் வலித்து ஒரு பாதித் தாள் வெறுமையாகப் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

விண்ணப்பத்துக்கு வருவோம். அதில் கையெழுத்துப் போட வேண்டியது நீங்கள் அல்ல, உங்கள் மகள். அவள் இப்போது கல்லூரி மாணவி. முதல்வர் அறைக்குள் அவள் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். "ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று பொதுவாக முடிக்காமல், என்ன வேண்டும் என்பதை அளந்து எழுத வேண்டும். 3 மணி நேரத் தாளுக்கு 1 மணி நேரம், 2 மணி நேர இன்டர்னலுக்கு 40 நிமிடம், ஏ3 அளவில் வினாத்தாள், கணக்குத் தாள்களுக்கு ரீடர், ஜன்னலோரம் வெளிச்சமான இடம், ஏ3 தாளை விரிக்க இரண்டு பெஞ்சு. சான்றிதழின் நகலை இணைக்கவும். முதல்வருக்கு ஒரு பிரதி, கல்லூரியில் சம வாய்ப்பு மையம் இருந்தால் அதற்கு ஒன்று. மூன்றாவது பிரதியில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கி வீட்டில் வையுங்கள். செமஸ்டர் தேர்வுக் கட்டணம் கட்டும் சமயத்திலேயே இது போய்ச் சேர வேண்டும். ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடினால், மனம் இருப்பவரால்கூட ஒன்றும் செய்ய முடியாது.

தனி அறையையும் கேளுங்கள். நான் தேர்வுப் பணியில் இருந்த ஒரு கல்லூரியில், கூடுதல் நேரம் பெற்ற பையனை மற்றவர்களோடு ஒரே ஹாலில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு மணிக்கு மணி அடித்தது. எல்லோரும் பெஞ்சை இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள், வாசலில் விடை சரிபார்க்கிற சத்தம். அறைக் கண்காணிப்பாளர் சாப்பாட்டுப் பையைக் கையில் வைத்துக்கொண்டே, "இன்னும் எவ்வளவுப்பா?" என்று மூன்று தடவை கேட்டார். பையன் இருபது நிமிடத்தில் தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். ஆணையில் அவனுக்கு முழுசாக ஒரு மணி நேரம் இருந்தது.

கல்லூரி மறுத்தால்? மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இருக்கிறது. கூடுதல் நேரம், ஸ்க்ரைப் போன்ற தேர்வு மாற்றங்களை அதன் 17வது பிரிவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்தச் சட்டத்தின்படி புகாரை விசாரிக்கிற அதிகாரம் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு உண்டு. அதற்கு முன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பார்த்துவிடுங்கள். அவர் தொலைபேசியில் பேசினாலே நகரும் கோப்புகள் உண்டு.

இதே போல இருக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. 40 சதவீதத்துக்குக் கீழே சான்று உள்ளவர்கள், 'நமக்கு ஒன்றும் கிடையாது' என்று ஒதுங்க வேண்டாம். எழுதும்போது விரல் இறுகிக்கொள்ளும் பாதிப்பு உள்ள விகாஷ் குமார் என்பவருக்கு யூ.பி.எஸ்.சி. தேர்வில் ஸ்க்ரைப் மறுக்கப்பட்டது. அந்த வழக்கில், 40 சதவீதம் இல்லை என்பதற்காக ஸ்க்ரைபை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11 அன்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு, எழுதுவதில் சிரமம் உள்ள அப்படிப்பட்டவர்களுக்கென்றே 2022 ஆகஸ்டில் தனி நெறிமுறை வந்தது. அதற்கு அரசு மருத்துவ அதிகாரியிடம் தனிப் படிவத்தில் சான்று வாங்க வேண்டும்.

வகுப்பறை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தேர்வு வருஷத்தில் சில நாள், வகுப்பு தினமும். ஆசிரியர்களிடம் அவள் ஒன்றே ஒன்று கேட்டால் போதும்: "சார், போர்டில் எழுதும்போது எண்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள்." கடைசி பெஞ்சில் இருப்பவர்களும் உள்ளுக்குள் நன்றி சொல்வார்கள். பாடப் புத்தகங்களுக்கு 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகம் இருக்கிறது, படிக்கச் சிரமம் உள்ளவர்களுக்கென்றே 2016இல் தொடங்கியது. கணினியில் 'என்விடிஏ' என்ற இலவச மென்பொருளைப் போட்டால் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும். நூலகர், "முழுப் புத்தகத்தை ஸ்கேன் செய்யக் கூடாது, காப்புரிமை" என்றால், பார்வைக் குறைபாடு உள்ளவர் படிக்கும் வடிவத்துக்கு மாற்ற 2012 திருத்தத்திலிருந்து சட்டமே அனுமதிக்கிறது என்று சொல்லுங்கள்.

விண்ணப்பம் எழுதும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒத்திகை பாருங்கள். போன வருஷத்து அக்கவுன்டன்சி வினாத்தாளை ஏ3இல் ஜெராக்ஸ் எடுத்து, தடித்த கறுப்பு ஜெல் பேனா கொடுத்து, மேஜை விளக்கு இல்லாமல் பகல் வெளிச்சத்தில் முழுத் தாளையும் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனையாவது நிமிடத்தில் கண்ணைக் கசக்கினாள், எந்த எண்ணைத் தவறாகப் படித்தாள், கடைசிக் கணக்கை எப்போது தொட்டாள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ரீடர் எந்தெந்தத் தாளுக்கு வேண்டும், ஒரு மணி நேரம் போதுமா என்பதெல்லாம் அந்தத் தாளிலிருந்தே தெரியும். விண்ணப்பத்தில் எழுத வேண்டிய எண்களும் அதில்தான் இருக்கும்.