வலைப்பின்னல் போர்: கொடைக்கானலிலிருந்து கேள்வி பதில்

வத்தலக்குண்டு: சார், வலைப்பின்னல் போர் என்றால் ஹேக்கிங்தானே?

இல்லை. ஹேக்கிங்கை இதில் கலக்காதீர்கள். தலைமையகம் இல்லாத சிறு குழுக்கள் தகவல் தொடர்பின் பலத்தில் கைகோத்து மோதுவதைத்தான் 1990களில் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் அர்க்கில்லாவும் ரான்ஃபெல்டும் இப்படி அழைத்தார்கள். அவர்கள் எடுத்துக்காட்டிய இடம் மெக்சிகோவின் சியாபாஸ். 1994 ஜனவரி 1 அன்று அங்கே ஸபாட்டிஸ்டாக்கள் என்ற பழங்குடிக் கிளர்ச்சியாளர்கள் ஆயுதம் ஏந்தினார்கள். ராணுவத்தின் முன் அவர்கள் எம்மாத்திரம்? ஆனால் சேதி ஃபேக்ஸிலும் மின்னஞ்சலிலும் வெளிநாட்டு மனித உரிமை அமைப்புகளுக்குப் போனது, ஆட்கள் வந்து இறங்கினார்கள். 12ஆம் தேதியே அரசு போர்நிறுத்தம் அறிவித்தது. மறு வருடம் அவர்களுக்காகப் பேசிய, முகமூடி போட்ட மார்கோஸ் யார் என்று பெயரை வெளியிட்டுப் பார்த்தது. இயக்கம் கலையவில்லை.

கோத்தகிரி: என் வாட்ஸ்அப்பை யாரோ பிடித்துக்கொண்டார்கள்.

சைபர் குற்றப் புகார் எண் 1930க்குப் போன் போடுங்கள்.

பண்ணைக்காடு: அண்ணா, நம்ம மலையில் இப்படி ஏதாவது நடந்ததா?

சோப்பு விற்கும் யூனிலீவரின் இந்திய நிறுவனம் கொடைக்கானலில் நடத்திய தெர்மாமீட்டர் ஆலை விவகாரம்தான், தம்பி. 2001-ல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி கிடந்தது தெரியவந்து, ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்களோடு வெளியூர் சுற்றுச்சூழல் அமைப்புகளும் சேர்ந்துகொண்டன. 2015-ல் இதைப் பற்றிப் பாடகி சோபியா அஷ்ரஃபின் ராப் வீடியோ உலகம் சுற்றியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

குன்னூர்: அப்போ ஒரு பாட்டு ஜெயித்துவிட்டது என்கிறீர்கள்!

நான் எங்கே சொன்னேன்? தொழிலாளர்கள் போட்ட வழக்கு 2006-லேயே சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. நோயோடு கோர்ட்டுக்கு அலைந்தவர்கள் இருந்ததால்தான் பாட்டுக்கே விஷயம் கிடைத்தது.

குன்னூர்: அப்படியானால் வீடியோ எதற்கு?

கோர்ட் காகிதக் கட்டுக்குள் இருந்ததை வெளிநாட்டில் சோப்பு வாங்குகிறவர் காதிலும் போட்டதற்கு. அது இல்லாவிட்டால் நிறுவனத்துக்கு அவசரம் ஏது? இரண்டும் வேண்டும், குன்னூர்க்காரரே. இதிலேயே பாதி நேரம் போயிற்று.

வெலிங்டன்: 2007-ல் எஸ்டோனியாவின் வங்கி இணையதளங்கள் முடங்கியது?

அது சைபர் தாக்குதல். மறுபடியும் ஹேக்கிங்!

ஊட்டி: பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று 2018-ல் வந்த வதந்தி?

நல்ல கேள்வி, அக்கா. அந்த வதந்தியோடு வாட்ஸ்அப்பில் சுற்றியது, கராச்சியில் எடுத்த குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். பைக்கில் வந்து குழந்தையைத் தூக்கியவர் அதைத் திருப்பி விடும் பகுதியை வெட்டிவிட்டுப் பரப்பினார்கள். திருவண்ணாமலைப் பக்கம் ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அப்புறம் ஜூலையில், ஒரு செய்தியை ஒரே தடவையில் 5 இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. ஆனால் அந்த 5-ம் 200 பேர் உள்ள குழுக்களாக இருந்தால்? ஆயிரம் பேர்.